பொடி தூவாத படம்

"அசையாதே. கண்ணை மூடாதேடி. ம்... ஆச்சு."

தெருமுனையில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துத் தீர்க்கிறது. அம்மாக்காரி அசைய வேண்டுமே! தண்ணீர் பாட்டில் மறந்தாலும் போகட்டும், வாசலில் நிறுத்தி மகளை நேருக்கு நேர் ஒரு படம் எடுத்தாக வேண்டும். அதைப் பெரிதாக்கி, புருவம், மூக்கு, காது எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குழந்தைக்கு விடுதலை.

இதே பெண்மணி போன வருஷம் வரை குழந்தை பக்கம் ஒருத்தரையும் கேமராவோடு அண்டவிடாமல் விரட்டியவள் என்றால் நம்புவீர்களா?

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவள் வேலையே முகங்களை ஒளிப்பதுதான். புகைப்படத்தின் புள்ளிகளை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் மாற்றிவிடுவாள். நம் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. முகத்தை வைத்து ஆளைச் சொல்லும் மெஷின் மட்டும் குழம்பிப்போகும். 'பொடி தூவுறது' என்பாள் அவள். பக்கத்து அறைக்காரர்கள் அந்த மெஷினுக்கு முகங்களைக் கற்றுக்கொடுப்பவர்கள். மத்தியானம் எல்லாரும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவார்கள். "பொடி மேடம், எங்க மெஷின் இன்னிக்கும் மண்ணைக் கவ்விடுச்சு" என்று அவர்கள் புலம்பினால், அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கும்.

பயந்த சுபாவம். லேப்டாப் கேமராவுக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருப்பாள். லிஃப்ட்டில் கேமரா இருந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். "அது உன்னையா பார்க்குது? அதுக்கு வேற வேலை இல்லையா?" என்பார் கணவர். தன் ஃபோன், அவர் ஃபோன் இரண்டிலும் எடுக்கிற படத்துக்கெல்லாம் தானாகவே பொடி விழும்படி செய்துவைத்திருந்தாள். நாத்தனார் தன் ஃபோனில் எடுத்த குழந்தையின் பிறந்தநாள் படத்தை ஊருக்கே தெரிகிற மாதிரி நெட்டில் போட்டபோது வீடு ரெண்டுபட்டது. "இப்பவே அழிங்க அண்ணி! எவன் கையில போய்ச் சேருமோ!" "அழிச்சுட்டேன் தாயே, போதுமா?" என்ற நாத்தனார் ரொம்ப நாள் பேசவே இல்லை.

அப்புறம்தான் அந்த ரயில் நிலையம். விடுமுறைக் கூட்டம். பெட்டிகளைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பினால் குழந்தையைக் காணோம். மஞ்சள் சட்டை என்று சொன்னாள். அந்தக் கூட்டத்தில் மஞ்சள் சட்டைக்கா பஞ்சம்? கண்காணிப்பு அறையில் இருந்தவர், "பதறாதீங்கம்மா. ஒரு ஃபோட்டோ குடுங்க. எந்தக் கேமராவுல பட்டாலும் மெஷின் காட்டிக் குடுத்துடும்" என்றார்.

கொடுத்தாள். இல்லை என்றது மெஷின். இன்னொன்று கொடுத்தாள். இல்லை. கணவர் ஃபோனிலிருந்து கொடுத்தார். அதற்கும் இல்லை.

"என்னம்மா, இது உங்க பொண்ணுதானா?"

எல்லாமே பொடி விழுந்த படங்கள். தன் வேலை எவ்வளவு சுத்தம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, அந்தப் பிறந்தநாள் படம்..."

"திட்டாதேம்மா. நெட்டுலேருந்து எடுத்துட்டேன், சத்தியமா. ஃபோன்ல மட்டும் வச்சிருக்கேன். மனசு வரலை."

"அனுப்புங்க அண்ணி. உங்க கால்ல விழறேன்."

படம் வந்ததுமே மெஷின் காட்டிவிட்டது. கடைசி நடைமேடையில், யாரோ ஒரு குடும்பத்தின் பின்னாலேயே ரயிலேறப் போய்க்கொண்டிருந்தாள் குழந்தை. காவலர் ஒருவர் ஓடிப்போய்த் தூக்கினார்.

அதோடு பயம் தீர்ந்ததா என்றால், இரண்டாகிவிட்டது. படம் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். ஆய்வுக்கூடத்தில் பொடி தூவுவது தடையில்லாமல் நடக்கிறது. காலையில் வாசலில் எடுக்கிற அந்த ஒரு படத்துக்கு மட்டும் பொடி கிடையாது. அது அவள் ஃபோனைத் தாண்டி எங்கும் போகாது; அதற்கும் ஆயுசு சாயங்காலம் வரைதான். மீட்டிங் நடுவிலும் மேஜைக்கடியில் திறந்து பார்த்து, "இருக்கு, இருக்கு" என்று முணுமுணுத்துக்கொள்வாள்.

நேற்று சாயங்காலம் வேன் வரவில்லை. டிரைவர் ஃபோனை எடுக்கவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தாள், படம் கையில் திறந்தபடியே இருந்தது. யாரிடம் முதலில் காட்டுவது என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் வேன் திரும்பியது. வழியில் டயர் பஞ்சராம்.

குழந்தை இறங்கி, பையை அவள் காலடியில் போட்டுவிட்டு, முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.

"வந்துட்டேன்மா. அழிச்சுக்கோ."

அவள் முதலில் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகுதான் மற்றக் கையால் படத்தை அழித்தாள்.