மூட்டையின் போன்

எங்க அக்காவுக்கு வேலை செய்யற இடத்துல 'மூட்டை'ன்னு பேரு. வெச்சவன் அவளோட மேனேஜர். அக்கா ஒரு மெயிலைக்கூட அழிக்க மாட்டா, போன்ல பதினேழாயிரம் கிடக்கும். குப்பையை எப்ப கொட்டப் போற மூட்டைன்னு பத்து பேர் முன்னாடி கேட்டுச் சிரிப்பான். 'அவன் இவன்'னு பேசறேன்னு கோவிச்சுக்காதீங்க. மரியாதை கொடுக்கற அளவுக்கு எனக்கு மனசு பெருசில்ல.

அக்கா மருந்துக் கிடங்குல பத்தொன்பது வருஷமா ஸ்டோர் கீப்பர். காலையில வந்ததும் குளிர் அறைக் கதவுல இருக்கற மீட்டரைப் பார்த்து, எத்தனை டிகிரின்னு எழுதிட்டுத்தான் நாற்காலியில உட்காருவா. நாலு மாசம் முன்னாடி ஒரு பதினொண்ணாம் தேதி மேனேஜர் மெயில் போட்டான்: 'ரெண்டாம் நம்பர் அறை மெஷினை நிறுத்திட்டுப் போ, மருந்தை மாத்த வேண்டாம், சாயங்காலமே ரிப்பேர் ஆள் வந்து ஓட விட்டுடுவார்.' அக்கா நிறுத்தினா. ரிப்பேர் ஆளைக் கூப்பிட இவன் மறந்துட்டான். அடுத்த ரெண்டு நாள் லீவு. தடுப்பூசி மருந்து அத்தனையும் வீணாப் போச்சு.

பதினாலாம் தேதி முதல் ஆளா வந்தவன் இவன்தான். அக்கா மறந்துடுவோம்னு பாஸ்வேர்டைச் சீட்டுல எழுதி கீபோர்டுக்கு அடியில ஒட்டி வெச்சிருப்பா, கிடங்குல எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு வந்த மெயிலை அழிச்சான், தான் அனுப்பினதையும் அழிச்சான். அப்புறம், நான் அப்படிச் சொல்லவே இல்லையேன்னு முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சான்.

அக்காவை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. விசாரணையில தோத்தா வேலை போயிடும், மருந்தை நாசம் பண்ணினவங்கற பேரும் நிக்கும். கம்ப்யூட்டர்ல போனது போன்லயும் போயிருக்கும்னு யாரோ சொன்னதை நம்பி, அவ போனைத் தேடிக்கூடப் பார்க்கல. உட்கார்ந்து அழுதா. நான் அழல. அவன் நாசமாப் போறதைக் கண்ணால பார்க்கணும்னு எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது.

விசாரணைக்குக் கூட ஒரு ஆள் வரலாம்னாங்க, நான் புறப்பட்டேன். அன்னிக்குக் காலையில அக்கா போன் 'இடமில்லை'ன்னு கத்திக்கிட்டிருந்துச்சு. லீவு நாள்ல மாமா அதுலதான் பிள்ளைகளை வீடியோ எடுத்துத் தள்ளியிருந்தார். நாலு வீடியோவை அழிச்சுத் தர்றேன்னு அவரே கையில வாங்கினார். நான் எட்டிப் பார்த்தேன், மெயில் பக்கம் திறந்திருந்துச்சு. கடைசியா வந்த மெயில் பன்னெண்டாம் தேதி. அதுக்குக் கீழ பதினொண்ணு. அவன் பேரு.

அட பாவி, போயிடலையே! போன் நிரம்பின நாள்லேர்ந்து புது மெயிலும் வரல, அங்க அழிச்ச சேதியும் இங்க வரல. துளி இடம் கிடைச்சா அந்தச் சேதி உள்ள வந்து மெயிலைத் தின்னுட்டுப் போயிடும். போனை வெடுக்குன்னு பிடுங்கி நெட் வராதபடி ஃப்ளைட் மோட்ல போட்டேன். மாமாவை என்னென்னவோ திட்டிட்டேன், பாவம். என் போன்ல அதை நாலு படம் எடுத்தும் வெச்சுக்கிட்டேன்.

விசாரணை அறையில மூணு அதிகாரிங்க. எதிர்ல இவன் கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அக்கா அந்த மெயிலைத் திறந்து போனை மேஜை மேல வெச்சா. அவன் மூஞ்சியில ஈயாடல. நெட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க, நிஜ மெயிலா இருந்தா அப்பவும் இருக்கும்னான். திருட்டுப் புத்தி எங்க போகும்? நடுவுல இருந்த அதிகாரியம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க.

"நெட்டைப் போட்டா அது போயிடும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் காலைக் கீழ இறக்கினான். அக்காதான் பேசினா.

"சாரே படிக்கட்டும் மேடம். சத்தமா."

படிச்சான். 'மருந்தை மாத்த வேண்டாம்'ங்கற இடத்துல குரலை இறக்கினான். கேக்கலைன்னா அக்கா. மறுபடி படிச்சான். எனக்கு அவ்வளவு குளிர்ச்சியா இருந்துச்சு.

அவன் வேலை போச்சு. அக்கா பழைய நாற்காலிக்கே திரும்பிட்டா. ரெண்டு மாசம் கழிச்சு அவன்கிட்டேர்ந்து மெயில். வேற இடத்துல வேலை கேட்டிருக்கானாம், அங்க பழசை விசாரிக்கறாங்களாம், யாருக்கும் காட்டாம அந்த மெயிலை அழிச்சுடும்மான்னு கெஞ்சியிருந்தான். மூட்டை போய் அம்மா ஆயிட்டா பாருங்க. பழைய போனை நெட்டே காட்டாம பீரோவுல பூட்டி வெச்சிருக்கற அக்கா ஒரு வரிதான் பதில் போட்டா.

"புது போன் வாங்கிட்டேன் சார், இப்ப நிறைய இடமிருக்கு."