சம்மாட்டிக்குக் கொடுத்த அனுமதி

உடப்புக் கிராமத்தில் கரையில் நின்று இழுக்கும் கரைவலையில் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி சொன்னால் எங்கள் ஆட்கள் ஏன் என்று கேட்பதில்லை. நான் போனில் ஆடும் கடற்கரைக் கிராம விளையாட்டிலும் முகம் தெரியாத ஒருவர் சம்மாட்டி வேஷம் போட்டிருந்தார். என் உருவத்தை நடத்தவும் மைக்கைத் திறக்கவும் அவர் அனுமதி கேட்டபோது யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

அன்று ஆட்டம் முடிந்ததென்று போனை அலுமாரி மேல் வைத்துவிட்டு மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று போனிலிருந்து அந்தச் சம்மாட்டியின் குரல் கேட்டது.

“அக்கா, மகள் அழுறா. போய்ப் பாருங்கோ.”

எனக்கு மகள் இருப்பதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. மைக் இன்னும் திறந்தே இருந்தது. திரையில் என் உருவம் அவர் பின்னால் தானாக நடந்துகொண்டிருந்தது. எல்லா அனுமதிகளையும் நீக்கினேன்.

இப்போது ஓர் ஆட்டத்துக்கு மட்டுமே அனுமதி. விளையாட்டில் வலை கரையேறியதும் திருப்பி எடுத்துவிடுவேன். ஆனாலும் மகள் அழுதால், அவளைத் தூக்குமுன் என் கண் போனுக்குத்தான் போகிறது.