புதுமாப்பிள்ளைக்கு ஒரு கட்டிச் சவர்க்காரம்

கல்முனையில் புதிதாகத் திறந்த கடையொன்றில் போன வாரம் ஒரு சவர்க்காரம் பார்த்தேன். கோணல்மாணலாக வெட்டி, பழுப்புத் தாள் சுற்றி, சணல் கயிறும் கட்டியிருந்தார்கள். விற்கிற பிள்ளை, "கையால செஞ்சது மெடம், கெமிக்கலே இல்ல" என்றாள். காரம் சேராமல் சவர்க்காரம் எப்படி வரும் என்று கேட்க வாய்வரை வந்தது. இரசாயனத் தொழில்நுட்பம் படித்தவளின் கெட்ட பழக்கம். அடக்கிக்கொண்டு மணந்து பார்த்தேன். சேரை, அதாவது எலுமிச்சம்புல் வாசம். நான் செய்தது இப்படி மணக்கவில்லை. கடை நடுவில் நின்று தனியாகச் சிரித்துவிட்டேன்.

இறக்குமதி நின்று கடைத் தட்டுகள் காலியாகிப்போன அந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். நான் வேலை செய்த ஆய்வுகூடம் மூலப்பொருள் இல்லாமல் மூடப்பட, பெட்டியோடு வீட்டுக்கு வந்திருந்தேன். எல்லோரும் கவலைப்பட்டார்கள். எனக்கு, உண்மையைச் சொன்னால், உற்சாகமாக இருந்தது. குசினிக் கதவில் வெண்கட்டியால் எழுதினேன்: பால்மா இல்லை, தேங்காய்ப்பாலில் ஏலம் தட்டிப் போட்ட தேத்தண்ணி. பற்பசை இல்லை, கரித்தூளும் உப்பும் கிராம்பும். தலைக்குச் செவ்வரத்தை இலை. சட்டி கழுவச் சாம்பலும் பிழிந்த தேசிக்காய்த் தோலும். தேங்காய்த் தண்ணீரைப் புளிக்க வைத்து வினாகிரி செய்யப் பார்த்தபோது முதல் போத்தல் மூடியைக் கழற்றி எறிந்தது. வாப்பா பத்திரிகையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்.

சவர்க்காரம்தான் பெரிய வேலை. தேங்காய் வளவில் இருந்தது. காஸ்டிக் சோடா மருதமுனையில் நூலுக்குச் சாயம் போடும் வாப்பாவின் கூட்டாளியிடம் கிடைத்தது. "கையச் சுட்டுக்காத புள்ள. தண்ணிக்குள்ளதான் இதப் போடணும், இதுக்குள்ள தண்ணிய ஊத்தப்படாது" என்று எனக்கே பாடம் நடத்திவிட்டுத்தான் தந்தார். என்னுடைய முதல் கட்டிகள் நன்றாக நுரைத்தன. ஆனால் வாசமில்லை. வாசமில்லாத சவர்க்காரத்தை நாங்கள் பாவிக்கலாம், மச்சானுக்குக் கொடுக்க முடியாது.

மச்சான் என்றால் என் ராத்தாவின், மூத்த சகோதரியின், கணவர், அப்போது புதுமாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குத்தான் குடிவருவார். அவருக்கு ஒரு குறை வந்தால் அது முழு வீட்டுக்கும் குறை. மனம் நொந்து ஒரு பொழுது தாய்வீட்டில் தங்கிவிட்டால் ஊர் அதை ஒரு கிழமைக்குக் கதைக்கும். உம்மா அவர் முன்னால் வந்து நிற்கவும் மாட்டார். குசினிச் சீலைக்குப் பின்னாலிருந்து, "ராத்தாட்ட சொல்லு, மருமகனுக்கு இன்னம் கொஞ்சம் கறி வெக்கட்டாம்" என்று என்னிடம் சொல்வார். நாலடி தள்ளியிருக்கிற மருமகனுக்கு அது தெளிவாகக் கேட்கும்.

ஆகவே மச்சானுக்கென்று தனியாக ஒரு தட்டு வார்த்தேன். வாசத்துக்கு என்ன இருக்கிறது? ரோஸ் வாட்டர் இல்லை, அத்தர் இரண்டு சொட்டுத்தான். அலுமாரியின் மேல்தட்டில், உம்மா எதற்கோ எடுத்துவைத்த ஒரு பொட்டலம் கற்பூரம் இருந்தது. எண்ணெயில் கரையும், கிருமிக்கு எதிரி, உடம்புக்குக் குளிர்ச்சி. மூன்றுக்கும் சரி போட்டு, கரைத்து ஊற்றி, காய்ந்ததும் பிஸ்கட் தகரத்தில் மூடி வைத்தேன்.

மச்சான் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் அந்தக் கட்டியோடு குளித்தார். வந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, தேத்தண்ணியும் குடிக்காமல், தாய்வீட்டுப் பக்கம் நடந்தார்.

உம்மா குளியலறைக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார்.

"அல்லாஹ்வே! இதுல என்னகா போட்ட?"

"கற்பூரம் உம்மா. கிருமியக் கொல்லும்."

"கிருமியையா? என்ட மருமகன மையத்துக் குளிப்பாட்டி அனுப்பிரிக்கயேடி!"

எனக்குத் தெரியாத விஷயமில்லை. இறந்தவரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலப்பார்கள். எங்கள் வீடுகளில் அந்த வாசத்துக்கு வேறு பொருளே கிடையாது. ஆனால் என் தலைக்குள் அது மார்க்கத்தின் அறையிலும், கரைதிறன் வேறொரு அறையிலும் இருந்தன. இடையில் கதவு இல்லை.

பக்கத்து வளவுச் சாச்சி வேலியால் எட்டிப் பார்த்தார். "இப்ப மாப்புளட உம்மா மகன மணந்து பாத்தா, மையத்தச் சுத்துற கபன் துணிக்கு ஆளனுப்பிடுவா." ராத்தா சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "இனி வரமாட்டாரு. நீ படிச்சது போதும்" என்று அழுதாள். உம்மா வாசலுக்கும் படலைக்கும் நடந்துகொண்டிருந்தார். பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குள் வராவிட்டால் வாப்பா போய்க் கூப்பிட வேண்டும்; வாப்பா போனால் ஊருக்குத் தெரியும்.

மஃரிபுக்குச் சற்று முன்பு படலை திறந்தது. மச்சான் வந்தார். பின்னால் அவருடைய உம்மா, கையில் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயோடு. ராத்தா எழுந்து உள்ளே ஓடினாள்.

மச்சானின் உம்மா கதிரையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். "எங்கட ஊட்டுலயும் சவுக்காரம் முடிஞ்சி புள்ள. துணி தோய்க்கிற கட்டியாலதான் இவ்வளவு நாளும் உடம்பயும் கழுவினம். இவன்ட உடம்ப மணந்து பாத்தபொறகுதான் நீ செய்றெண்டு தெரியும். எனக்கும் ரெண்டு கட்டி செஞ்சி தா. கற்பூரம் மட்டும் வேணாம். அதுக்கு இன்னம் நாளிரிக்கி."

மச்சான் சீலைப் பக்கம் திரும்பினார். "மாமி, நான் உசிரோடதான் வந்திரிக்கன். அந்தத் தேத்தண்ணியத் தாங்க."

சீலைக்குப் பின்னால் உம்மா சத்தமாகச் சிரித்தார். பிறகு கோப்பையோடு அவரே வெளியே வந்தார்.

அதன்பின் இரண்டு வீட்டுக்கும் நான்தான் சவர்க்காரம் வார்த்தேன், கிராம்பு வாசத்தில். கடைத் தட்டுகள் மறுபடி நிறைந்ததும் யாரும் கேட்கவில்லை, நானும் வார்க்கவில்லை. எங்கள் தெருவின் பாதி ஆண்களைப் போல மச்சானும் கட்டாருக்குப் போனார். அந்தப் பயணத்தில் யாரும் பதறவில்லை. கறித்தூள் கட்டிக் கொடுத்து, சிரித்து வழியனுப்பினோம். ராத்தாவின் மகன் தன் வாப்பாவைத் தொலைபேசித் திரையில் தொட்டுக் காட்டுகிறான். அந்தப் பின்னேரம் உம்மா நெஞ்சில் கைவைத்துப் படலையில் நின்றாரே, அப்போது எங்கள் வீட்டு ஆண் ஒருவர் மனம் நொந்து போகக்கூடிய ஆகத் தொலைவான இடம், அடுத்த தெருவிலிருந்த அவருடைய உம்மாவின் வீடு.