பால் வண்டியில் போன ரத்தம்

உள்ளறையிலிருந்து ‘தப், தப்’ என்று கையைத் தட்டும் சத்தம் கேட்டது. நரம்பு எழும்பும்வரை இன்பமேரி இப்படித்தான் தட்டுவாள்.

“மாடு புடிக்க வந்தவளாட்டம் தட்டறியே கண்ணு” என்றது வெங்கடாசலத்தின் குரல்.

“அசையாதீங்கண்ணா. காப்பித் தோட்டக்காரரு ரத்தம் டிகாசனாட்டவே எறங்குது.”

ஒண்டிக்கடைப் பக்கம் உள்ள சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. வயது நாற்பத்தாறு. மலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துச் சேலத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவள். பையில் ஊசிகளோடு தேன்மிட்டாய் பொட்டலம் ஒன்று இருக்கும். எண்பது வயதுக்காரருக்கும் ஒன்று உண்டு. புறப்படும்போது எல்லா வீட்டிலும் ஒரே வார்த்தைதான்: “ஒண்ணும் இருக்காதுங்க, நிம்மதியாத் தூங்குங்க.” அந்தப் பொய்க்காகவே அவளுக்கு எங்கள் கரடியூரில் காபி கிடைக்கும்.

வெங்கடாசலத்தின் குதிகாலில் இருந்த கரும்புள்ளி தோல் புற்றுநோய் என்று தெரிந்து, போன வருடம் வெட்டி எடுத்தார்கள். அதிலிருந்து மூன்று மாதத்துக்கொரு முறை எல்.டி.எச். என்ற ரத்தப் பரிசோதனை. அந்த எண் ஏறினால் நோய் உள்ளே பரவியிருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரம் ஏறியிருந்தது. அவர் மனைவி கலா அன்று முதல் சரியாகச் சாப்பிடவில்லை.

ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தபடி இன்பமேரி முன்னறைக்கு வந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து துணைக்கு வந்திருந்த நானும், கலாவும் எழுந்தோம்.

“அக்கா, தப்பு என்னுதுங்க. போன தடவ பஸ்ஸ உட்டுட்டேன். கீழ போன பால் வண்டியில ரத்தத்தக் குடுத்தனுப்புனேன். மலப்பாதயில இருபது வளைவுலயும் குலுங்கியிருக்கும். குலுங்குனா ரத்தம் ஒடஞ்சு நம்பர் பொய்யா ஏறிரும்.”

“அப்ப நோவு பரவலீங்களா?”

வழக்கமான வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அவள் உதடு அசைந்து நின்றது.

“தெரியலீங்கக்கா. இந்தத் தடவ மடியில வெச்சு நானே கொண்டுபோறேன். வந்தத வந்தபடி சொல்றேன்.”

உள்ளிருந்து வெங்கடாசலம் சொன்னார்: “நா நடுங்கறது பத்தாதுன்னு, என்ற ரத்தத்தையும் ஆட்டி உட்டுட்டயா? போ கண்ணு, மெல்லப் போ.”

காபி வேண்டாம் என்றாள். குழாய் குலுங்காமல் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள்.

மழையில் ஊதிப்போன கதவு அது. ஓங்கி அடித்தால்தான் மூடும். கலா இரண்டு கைகளாலும் கொண்டியைப் பிடித்து, தோளைக் கொடுத்து, சத்தம் வராமல் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சாத்தினாள்.