நான் போட்ட சிமென்ட் தளம்

ஆனையூரில் எங்கள் சபைக்குச் செயலாளராக இருந்தபோது நான் ஒரு பெரிய சாதனை செய்தேன். ஆலய முற்றம் முழுவதும் சிமென்ட் போட்டேன். எல்லாம் அறுப்பின் பண்டிகைக்காக. வருஷாவருஷம் சோழவந்தானிலிருந்து வாழைத்தாரும் தேங்காயும், சமயநல்லூர்ப் பக்கமிருந்து கத்தரிக்காயும் காணிக்கையாக வந்து முற்றத்தில் குவியும். ஜெபித்து ஏலம் விடுவோம். பட்டுச்சேலையில் வருகிறவர்கள் காலில் சேறு ஒட்டுகிறது என்று புகார். மண் தந்த விளைச்சலுக்கு நன்றி சொல்ல வருகிறவர்களுக்கு மண் மட்டும் ஆகவில்லை. நானும் மண்டையை ஆட்டினேன். முற்றத்து ஓரத்தில் இருந்த கிணற்றைச் சுற்றிக்கூட ஓரங்குலம் விடவில்லை. வாசலுக்குப் போகும் வழியில் என் பெயர் பொறித்த கல் ஒன்றையும் பதித்துக்கொண்டேன். தாழ்மையோடு, சின்ன எழுத்தில்தான்.

அந்தக் கிணறுதான் எங்கள் தெருவுக்கே தண்ணீர் கொடுத்தது. என் மனைவி தினமும் காலையில் எட்டுக் குடம் இறைப்பாள். சிமென்ட் போட்ட மறு வருஷம் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் அப்படியே. வாளி தரை தட்ட ஆரம்பித்தது. கிணறும் வற்றினால் அவள் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓட வேண்டும். ஏற்கனவே அவளுக்கு முட்டி வலி. எனக்கு உள்ளுக்குள் பயம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மழைக்காக உபவாச ஜெபம் ஏற்பாடு செய்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் முழங்காலில் நின்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கூரையில் சடசடவென்று விழுந்தது. ஆமென்கூடச் சொல்லாமல் எல்லாரும் வெளியே ஓடினோம். போதகர் அழுதார். நானும் அழுதேன். என் மனைவி மட்டும் முற்றத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழைத்தண்ணீர் சிமென்ட்டில் வழுக்கி, என் பெயர்க் கல்லை நன்றாகக் கழுவிவிட்டு, வாசல் தாண்டி நேரே சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாளும் வாளி தரையைத்தான் தட்டியது.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்ல," என்றாள் என் மனைவி.

"யாரு பூசாரி?"

"நீங்கதான். அம்புட்டு உருக்கமா கேட்டீங்க, அவரும் குடுத்துட்டாரு. வாங்கி வைக்க இடம் விட்டீங்களா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. கோபத்தில் மத்தியானம் சாப்பிடவில்லை. "உபவாசம் நேத்தோட முடிஞ்சிருச்சுங்க," என்று தட்டை என் முன்னால் நகர்த்தினாள். அவள் கொண்டுவந்த குடத்தில் பாதிதான் இருந்தது, அதுவும் கலங்கல். அதைப் பார்த்ததும் கோபம் போய் வெட்கம் வந்தது.

போதகரிடம் போய், "ஐயா, சிமென்ட்டைப் பேர்க்கணும்," என்றேன். அவர் சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார். கிணற்றைச் சுற்றிலும் நானே கடப்பாரையால் உடைத்தேன். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்க, அது வந்து கூடுகிற இடத்தில் குழி வெட்டிக் கல் நிரப்ப வேண்டும் என்றார் கொத்தனார். அந்த இடம் என் பெயர்க் கல் இருந்த இடம். "இதை என்ன செய்யிறதுண்ணே?" என்று கேட்டார். "அதையும் ரெண்டா உடைச்சு உள்ள போடுங்க," என்றேன்.

அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் குழியில் சுழன்று இறங்கியது. இரண்டு மூன்று மழைக்குப் பிறகு ஒரு காலையில் என் மனைவி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். வாளியை விட்டாள். தொபீரென்று தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

"உங்க பேரு இப்பத்தான் உருப்படியா ஒரு வேலை பாக்குது," என்றாள்.

அவள் கையிலிருந்த கயிற்றை வாங்கினேன். அன்று எட்டுக் குடமும் நான்தான் இறைத்தேன்.