பாலத்துக்குக் கொடுத்த பூசணிக்காய்

எங்கள் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போக அந்த இரும்புப் பாலம் ஒன்றுதான் வழி. பெக்கோக் பக்கம் இன்றைக்கும் நிற்கிறது. பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டதால் பழசில் மோட்டார் சைக்கிள் மட்டும்தான் போகிறது. சின்ன வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பொருள் உலகத்தில் கிடையாது. ரப்பர் மரங்களுக்கு மேலே அதன் முதுகு தெரியும். லாரி ஏறினால் பாலம் முனகும். அந்த முனகல் செருப்பில்லாத காலில் ஏறி வயிறு வரைக்கும் வரும். மூன்றாவது தூணைச் சுற்றித் தண்ணீர் ஓயாமல் சுழித்துக்கொண்டிருக்கும். கை தானாகக் கும்பிடப் போகும்.

வெள்ளைக்காரன் கட்டிய பாலம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரனே வெடி வைத்து உடைத்துவிட்டு ஓடினானாம். இதெல்லாம் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது.

நான் இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம், வெள்ளத்தில் அந்த மூன்றாவது தூண் விரிசல் விட்டது. பழுது பார்க்க வந்த கூட்டத்தில் என் தாய்மாமாவும் சேர்ந்தார். பாலம் நிற்க மனுஷத் தலை கேட்கிறது, பிள்ளை பிடிக்கிறார்கள் என்று நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயம் முழுக்கப் பேச்சு. பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடமே போகவில்லை. என்னை அழ வைக்காவிட்டால் மாமாவுக்குச் சோறு இறங்காது.

“மூணு தலை வேணுமாம் புள்ள. ரெண்டு கெடச்சிருச்சு. இன்னும் ஒண்ணு, சின்னத் தலையா பாக்குறாங்க.”

“என் தலையா மாமா?”

“ஒன் தலையா? பேன் புடிச்ச தலைலா அது! பாலத்துக்கு அரிக்காதா?”

எனக்கு வேறு கணக்கு ஓடியது. டவுன் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் தம்பி பிறந்து நாலு நாள். மறுநாள் அவனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அதைவிடச் சின்னத் தலை எங்கே இருக்கிறது?

உயிருக்குப் பதிலாகப் பூசணிக்காய் உடைத்தால் போதும் என்று கோயில் பூசாரி சொல்லக் கேட்டிருக்கிறேன். காலையில் லயத்துக்குப் பின்னால் அம்மா போட்டிருந்த கொடியில் பெரிய காயாக அறுத்து, குங்குமம் அப்பி, கட்டிச் சூடமும் நெருப்புப் பெட்டியும் பாவாடையில் முடிந்துகொண்டு நடந்தேன்.

பாலத்தில் ஆட்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

“அலமாக்!” என்று வாயைப் பிளந்தார் ஒருத்தர். “டேய், ஒன் அக்கா மக சாம்பார் வைக்க வந்திருக்காடா!”

“பூசணிக்காய அவ தூக்கிட்டு வர்றாளா, அவள அது தூக்கிட்டு வருதா?”

மாமா சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தார். ஆம்பிளைகள் முன்னால் நான் வாய் திறக்கிறவள் இல்லை. அன்றைக்குத் திறந்தேன்.

“இத பாலத்துக்குக் குடுங்க மாமா. தம்பிய விட்டுறச் சொல்லுங்க.”

அந்த நேரம் டாக்சி வந்து நின்றது. அப்பா இறங்கினார். உள்ளே அம்மாவும், துணிக்குள் தம்பியும். மாமா சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

“யாருடா மூணுன்னு சொன்னது?” என்றார் அப்பா.

“சும்மா வெளையாட்டுக்கு, மச்சான்.”

“நீ அப்ப சின்னப் பய. உடைஞ்ச பாலத்த ஜப்பான்காரன் எங்கள வச்சுத்தான் நிறுத்துனான். இந்தத் தூண்கிட்ட சாரம் சரிஞ்சிச்சு. விழுந்தது மூணு பேர்தானா? அவங்கள எடுக்கவே விடல. மறுநாளே மேல கல்லக் கொட்டச் சொன்னான். எல்லாரும் இங்கதான்டா இருக்காங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தர் தலைத்துண்டை அவிழ்த்தார். அப்பா என் கையிலிருந்த காயை வாங்கி, டாக்சியைப் போகச் சொன்னார். தம்பி தூங்கிக்கொண்டே பாலத்தைக் கடந்துவிட்டான். எனக்கு உயிர் வந்தது.

அப்பா மூன்றாவது தூணுக்கு நேர்மேலே சூடம் ஏற்றி, காயை இரும்பில் ஓங்கி உடைத்து ஆற்றில் விட்டார். பிறகு தண்ணீரைப் பார்த்துப் பேர் கூப்பிட ஆரம்பித்தார். தோட்டத்தில் விடியக்காலையில் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாக நிற்க, பேர் கூப்பிடுகிறவர் அவர்தான். அதே குரல். ஒரு பேர், கொஞ்சம் நிறுத்தம், அடுத்த பேர். பெரட்டு என்றால் அந்த நிறுத்தத்தில் “இருக்கேங்க” என்று பதில் வரும். இங்கே தண்ணீர்ச் சத்தம்தான்.

இங்கேதான் இருக்கிறார்கள் என்று அப்பாவே சொன்னாரே என்று கம்பிக்கு நடுவில் தலையை விட்டு எட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. பதில் சொல்லாதவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது, திட்டும் விழும். எனக்குப் பாவமாக இருந்தது. அடுத்த பேரைக் கூப்பிட்டதும், அந்த ஆளுக்காக நானே உரக்கச் சொன்னேன்.

“இருக்கேங்க!”

அப்பா திரும்பிப் பார்த்தார். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமா வாய்விட்டு அழுதார். நல்லதுதானே செய்தோம், இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த பேருக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.