ஐஸ் வைக்காத டப்பா

காலமெல்லாம் வெள்ளை அணுக்களோடு மல்லுக்கட்டியவள் நான். உடம்புக்குள் புகுந்த கிருமியை விழுங்கிக் கொல்வது அவற்றின் வேலை. சிலருடைய உடம்பில் அவை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடும். ஏன் என்பதுதான் என் ஆராய்ச்சி. கல்யாண வீட்டில் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் பாயசத்தைச் சாக்காக வைத்து நழுவிவிடுவார். இப்போது ஓய்வுபெறப் போகிறேன். ஆய்வகத்து அலமாரிகளைக் காலி செய்யும்போது திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது ஜவ்வாது மலைப் பேருந்துதான்.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். கழுத்து, தொடை, அக்குள் என்று எங்கும் சீழ்க்கட்டி. ஒன்று ஆறினால் இன்னொன்று கிளம்பும். அவளுக்கு முன்னால் பிறந்த குழந்தை இப்படியே போய்விட்டது. இவளுடைய அணுக்கள் கிருமியைக் கொல்கின்றனவா என்று தெரிந்தால் உரிய மருந்தைத் தொடங்கிவிடலாம். அதற்கு ரத்தம் அன்றைக்கே வேலூரில் என் ஆய்வகத்துக்கு வர வேண்டும், குளிர் படாமல். குளிர் பட்டால் அந்த அணுக்கள் கெட்டுவிடும். மலையில் நர்ஸ் ரத்தம் எடுத்து, டப்பாவில் வைத்து, பேருந்து நடத்துநரிடம் கொடுத்துவிட்டார். நான் மலையடிவாரத்தில் ஒடுகத்தூரில் காத்திருந்து வாங்கிக்கொண்டேன். டப்பா சில்லென்று இருந்தது.

“என்னங்க இது?”

“ஐஸ்தாங்க மேடம். நர்சம்மா வெக்க மறந்துட்டாங்க போல. நல்லவேள, நான் பாத்தேன். வர்ற வழியில சோடாக் கடையில வாங்கி ரொப்பிட்டேன்.”

வருஷக்கணக்காகத் தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் மலையேற்றிய மனிதர். ஆஸ்பத்திரிப் பெட்டி என்றால் ஐஸ் இருக்க வேண்டும் என்பது அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். பேருந்து நிலையமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று மாணவர்கள் சொல்வதில் பொய்யே இல்லை. அவர் ஐஸ் உருகித் தொப்பலாக நனைந்திருந்த சட்டையோடு நின்றார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே மலை இறங்கியிருக்கிறார்.

பரிசோதனையில் ஒன்றும் தேறவில்லை. மறுபடி ரத்தம் எடுக்கக் குழந்தையின் தாய் சம்மதிக்கவில்லை. “எடுத்தத வீணாக்கிட்டு இன்னொரு தபா குத்தணுமா?” என்றாளாம். அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தக் குழந்தை எத்தனை நாள் தாங்கும்?

அடுத்த வாரம் ஆய்வக வாசலில் நடத்துநர் நின்றார். பின்னால் அந்தத் தாய், இடுப்பில் குழந்தை.

“லீவு போட்டுட்டு வந்தேங்க. இந்த தபா டப்பா வாணாம், ஆளையே இட்டுனு வந்துட்டேன்.”

அவள் வீட்டுக்கே போய்க் கெஞ்சியிருக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும் என்றதும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அணுக்களோடு மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்ப்போம். கிருமியைக் கொல்லத் தெரிந்த அணு அதை நீலமாக்கும். நடத்துநருடைய அணுக்கள் ஒன்று விடாமல் நீலமாகின. குழந்தையுடையதில் ஒன்றுகூட மாறவில்லை. வெளியே வந்து சொன்னேன். இனி தினமும் மாத்திரை, விடாமல், வருஷக்கணக்கில். தாய் சுவரில் சாய்ந்துகொண்டாள். நடத்துநர் கேட்டார்:

“என்னுது நல்லாக் கீதில்ல? அதுல கொஞ்சம் எடுத்துப் பாப்பாவுக்கு ஊத்துங்களேன்.”

அது முடியாது, ஊற்றினாலும் அந்த அணுக்கள் ஓரிரு நாளில் செத்துவிடும் என்று விளக்கினேன். என் படிப்பு அத்தனையும் சேர்ந்து அவருக்குச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

அதன்பின் மாதாமாதம் மாத்திரைப் பொட்டலம் அவர் பையில் மலையேறியது. வாங்கும்போதெல்லாம், “ஐஸ் வாணாமில்ல மேடம்?” என்பார். முதலில் முறைப்பேன், பிறகு சிரிக்கப் பழகினேன். அந்தப் பேருந்தை, ஒடுகத்தூர் வெயிலில் அதற்காகக் காத்திருந்ததை, இன்றும் ஏங்கி நினைக்கிறேன்.

போன வாரம் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். கழுத்தில் பழைய தழும்பு. கையில் மலைத்தேன் டப்பா.

“கண்டக்டர் மாமா குடுத்தனுப்பிச்சாரு மேடம். அவரால இப்ப மலை எறங்க முடியல. ஐஸ் வெக்கலன்னு ஒங்ககிட்ட மறக்காம சொல்லச் சொன்னாரு.”

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.